கண்ணுக்கு ஒன்று, மரபுக்கு ஐந்து: ராமேஸ்வரம் தீவின் மலேரியாக் கொசுவும் டி.என்.ஏ. அடையாளமும்

தோற்றம் தரும் அடையாளம்

அனாபிலஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற பெயரில் வழங்கும் கொசு ஒரு சிற்றினம் அன்று. கண்ணால் பிரித்தறிய முடியாத ஐந்து சிற்றினங்களின் தொகுதி. இந்திய ஊர்ப்புறங்களில் உண்டாகும் மலேரியாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இத்தொகுதி பரப்புவதாக மதிப்பிடுவர். ஐந்தில் நான்கு சிற்றினங்கள் மலேரியாவைக் கடத்துபவை. ஒன்று பெரும்பாலும் கடத்துவதில்லை. அறிவியலார் இவற்றுக்கு ஏ, பி, சி, டி, இ என்று எழுத்துகளையே பெயராக இட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்துக்குரிய ‘இ’ சிற்றினம் தனியானது என்பதற்கான சான்று கிடைத்த இடம், மண்டபத்துக்குக் கிழக்கே பாம்பன் கால்வாயைக் கடந்ததும் தொடங்கும் ராமேஸ்வரம் தீவு.

கொசுவை இனங்காணப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது அதன் உடல் நிற்கும் விதத்தை. கியூலெக்ஸ் சுவரோடு இணையாக முதுகு வளைந்து உட்காரும். அனாபிலஸ் பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக நிற்கும். அதற்கு மேல் உருப்பெருக்கி தேவை. உணர்முகைகளில் எத்தனை வெள்ளைப் பட்டைகள், இறக்கை நரம்புகளில் எங்கே வெண்செதில், எங்கே கருஞ்செதில், கால்களில் பட்டையோ புள்ளியோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விடை காணும் வகைப்பாட்டுத் திறவுகோல்கள் இருக்கின்றன. கியூலிசிஃபேசிஸ் கொசுவை ஜைல்ஸ் 1901இல் விவரித்தார். இந்திய அனாபிலஸ் கொசுக்களுக்குக் கிறிஸ்டோபர்ஸ் 1933இல் எழுதிய நூலும், நாக்பால், சர்மா இருவரும் 1995இல் வெளியிட்ட நூலும் இன்றும் ஆய்வகங்களின் மேசையில் இருப்பவை. இத்திறவுகோல்களின்படி நடந்தால் இந்தியாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட அனாபிலஸ் சிற்றினங்களிலிருந்து கியூலிசிஃபேசிஸைப் பிரித்துவிடலாம். அதற்குள்ளே இருக்கும் ஐந்தையும் பிரிக்க முடியாது. செதில், பட்டை, நரம்பு எல்லாம் ஐந்துக்கும் ஒன்றே.

இத்தகைய மறைவான உறவினங்களை உடன்பிறப்புச் சிற்றினங்கள் என்பர். இவை இருப்பதை மலேரியா ஆய்வு முதலில் உணர்ந்தது ஐரோப்பாவில். அங்கே சில ஊர்களில் அனாபிலஸ் மாகுலிபென்னிஸ் கொசு நிறைய இருந்தும் மலேரியா இல்லை. வேறு சில ஊர்களில் அதே கொசு, அங்கே மலேரியா. 1926இல் இத்தாலியில் ஃபல்லெரோனி அக்கொசுவின் முட்டைகளைக் கூர்ந்து பார்த்தபோது, முட்டையோட்டின் மேல் உள்ள கோலம் ஒரு தாய்க்கும் இன்னொரு தாய்க்கும் வேறுபடுவதையும், ஒரே தாயின் முட்டைகளில் மாறாமல் இருப்பதையும் கண்டார். வளர்ந்த கொசுவில் இல்லாத வேறுபாடு முட்டையில் இருந்தது. ஒரு பெயருக்குள் பல சிற்றினங்கள் ஒளிந்திருப்பதும், அவற்றுள் சிலவே மனிதரைத் தேடிக் கடிப்பவை என்பதும் அதன்வழித் தெளிந்தன.

குரோமோசோம் காட்டிய பிரிவு

கியூலிசிஃபேசிஸ் தொகுதியை உடைத்துக் காட்டியது பாலிட்டீன் குரோமோசோம். முட்டை வளரும் பருவத்தில் கொசுவின் சூலகத்தில் உள்ள செவிலிச் செல்கள் பிரியாமலேயே தம் டி.என்.ஏ.வை மீண்டும் மீண்டும் படியெடுக்கின்றன. படிகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி நிற்பதால் குரோமோசோம் தடித்து, கருப்பும் வெளுப்புமான வரிகளோடு நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரிகிறது. வரிகளின் வரிசையை வரைபடமாக எழுதிவைத்துக்கொண்டால், எந்தத் துண்டாவது தலைகீழாகத் திரும்பியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். இத்திருப்பத்தைத் தலைகீழ் மாற்றம் என்பர்.

தலைகீழ் மாற்றத்தை மட்டும் கொண்டு ஒரு சிற்றினத்தைப் பிரித்துவிட முடியாது. ஒரே சிற்றினத்துக்குள்ளும் சில கொசுக்கள் திரும்பிய துண்டோடும் சில திரும்பாத துண்டோடும் இருக்கலாம். அப்படியிருந்தால் இருவகைப் பெற்றோருக்கும் பிறந்த கலப்புப் பிள்ளைகளில், ஒரு குரோமோசோமில் திரும்பிய வரிசையும் மற்றதில் திரும்பாத வரிசையும் இருக்கும். ஒரே மாட்டுக்கொட்டகையில் ஒரே இரவில் பிடித்த கொசுக்களில் இருவகையும் நிறைய இருந்து, கலப்பு மட்டும் ஒன்றுகூட இல்லையென்றால் அவை தமக்குள் கூடுவதில்லை என்று பொருள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் கூடாதவை வெவ்வேறு சிற்றினங்கள். இந்த வாதத்தைக் கொண்டு கிரீன், மைல்ஸ் இருவரும் 1980இல் கியூலிசிஃபேசிஸில் ஏ, பி என்ற இரு சிற்றினங்களைப் பிரித்தனர். டெல்லியிலிருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தில் சரளா சுப்பாராவும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் சி சிற்றினத்தை அறிவித்தனர். அதே பத்தாண்டின் இறுதிக்குள் டி சிற்றினமும் சேர்ந்தது. அந்த மையமே இன்று தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

எக்ஸ் குரோமோசோமின் வரிசையைப் பார்த்தால் ஏ, டி இரண்டும் ஒரு பக்கம். பி, சி இரண்டும் மறுபக்கம். இரண்டாம் குரோமோசோமின் மாற்றங்கள் அந்த இணைகளை உள்ளே பிரிக்கின்றன. இந்த இருபக்கப் பிரிவு பின்னர் டி.என்.ஏ. ஆய்விலும் அப்படியே திரும்ப வந்தது.

பெயர்ப் பிரிவோடு குணப் பிரிவும் தெரிந்தது. பி மிகுந்திருக்கும் வட்டாரங்களில் கொசு நிறைய இருந்தும் மலேரியா குறைவு. அதன் உமிழ்நீர்ச் சுரப்பியில், மலேரியா ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றும் நிலையான ஸ்போரோசோயிட்டுகள் அரிதாகவே கிடைத்தன. ஏ, சி, டி ஆகியவை கடத்திகள். பூச்சிக்கொல்லியிலும் வேற்றுமை உண்டு: ஏ, பி இரண்டும் சேர்ந்து வாழும் ஊர்களில் டி.டி.டி.யைத் தாக்குப்பிடிப்பதில் பி முந்தியது. ஆகவே கொசுக்களைச் சிற்றினம் பிரிக்காமல் மொத்தமாகச் சோதித்தால், ‘இவ்வூர்க் கொசுவுக்கு டி.டி.டி. பலிக்கவில்லை’ என்ற முடிவு வரலாம். நோயைக் கடத்தும் ஏ சிற்றினமோ அந்த மருந்துக்கு இன்னும் மடிந்துகொண்டிருக்கலாம். சிற்றினப் பிரிப்பு வெறும் பட்டியல் வேலையாக இல்லாமல் மருந்தடிப்பின் கணக்கோடு சேர்ந்தது இவ்வாறே.

ராமேஸ்வரம் தீவின் புதிர்

ராமேஸ்வரம் தீவு மணற்பரப்பு. ஆறோ ஏரிப்பாசனமோ இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. சில அடி தோண்டினால் குடிக்கத்தக்க நீர் ஊறும். ஊற்றுகளும் ஆழமில்லாத கிணறுகளும் தோட்டக் குழிகளும் இப்படலத்தைத் தொட்டு நிற்பவை. வெயில் படும் தெளிந்த நன்னீரில் வளரும் கியூலிசிஃபேசிஸுக்கு இவை போதும். ஆற்றுப்படுகையில் தேங்கும் குட்டைகளும் வாய்க்கால்களும் உள்நாட்டில் இக்கொசுவுக்குத் தரும் இடத்தைத் தீவில் மணற்குழி தருகிறது.

தீவில் மலேரியா நெடுநாளாக நிலைத்திருந்தது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் ஆய்வாளர்கள் அங்கே இயற்கையாகவே ஒட்டுண்ணி ஏறிய கியூலிசிஃபேசிஸ் கொசுக்களைக் கண்டு 1984இல் எழுதினர். நோயைக் கடத்துவது எது என்பதில் ஐயமில்லை. ஐயம் அதன் பின்னர் எழுந்தது. தீவின் கொசுக்களின் பாலிட்டீன் குரோமோசோமைப் பார்த்தபோது வரிசை பி சிற்றினத்தின் வரிசையாக இருந்தது. வட இந்தியாவில் நோய் கடத்தாத சிற்றினம் என்று பெயர் பெற்ற பி, இங்கே மட்டும் கடத்துவது எப்படி?

இதற்கு இரண்டு விடைகள் சாத்தியம். தீவின் சூழல் பி சிற்றினத்தைக் கடத்தியாக மாற்றியிருக்கலாம்: கால்நடை குறைந்து மனிதர் நெருங்கி வாழும் இடத்தில் மாட்டைக் கடிக்கும் கொசுவும் மனிதரைக் கடிக்க நேரும். அல்லது, பி என்று எண்ணியதற்குள் இன்னொரு சிற்றினம் இருக்கலாம். முதல் விடை சரியென்றால் சூழலைத் திருத்த வேண்டும். இரண்டாவது சரியென்றால் கொசுவைப் பிரித்தறிய வேண்டும்.

மகனைக் கொண்டு தாயை அறிதல்

விடை ஒய் குரோமோசோமில் கிடைத்தது. ஒய் ஆண் கொசுவில் மட்டும் இருப்பது, மிகச் சிறியது. பாலிட்டீன் முறையில் பார்ப்பது பெண் கொசுவின் சூலகத்தை. அங்கே ஒய் இல்லை. அதைக் காண நான்காம் பருவப் புழுவின் மூளைத் திசுவில் செல்பிரிதலின்போது தெரியும் சாதாரணக் குரோமோசோமைப் பார்க்க வேண்டும். பி என்று எண்ணிய கொசுக்களில் இந்த ஒய் இருவகையாக இருந்தது. ஒன்றில் குரோமோசோமின் கைகள் சேரும் இடமான சென்ட்ரோமியர் ஒரு முனையில் இருந்ததால் ஒரு கை மட்டும் நீண்டு தெரிந்தது. மற்றதில் அது நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து, சமமற்ற இரு கைகள் தெரிந்தன.

அன்றைய மலேரியா ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த கர், சுப்பாராவ், ஈப்பன், ரவீந்திரன், சர்மா முதலியோர் தீவில் பிடித்த பெண் கொசுக்களைத் தனித்தனியே முட்டையிடச் செய்தனர். முட்டையிட்ட தாயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் ஸ்போரோசோயிட் உண்டா என்று பார்ப்பது ஒரு வேலை. அதன் முட்டைகளிலிருந்து வந்த ஆண் புழுக்களில் ஒய் எவ்வகை என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒட்டுண்ணி ஏறிய தாய்களின் மகன்களில் இருகை ஒய் இருந்தது. 1999இல் வெளியான கட்டுரையில் இருகை ஒய் உடைய கொசுக்களை ‘இ’ சிற்றினம் என்று தனியே பெயரிட்டனர். ஒருகை ஒய் உடையவை பி என்ற பெயரோடும், நோய் கடத்தாத குணத்தோடும் நின்றன. ராமேஸ்வரத்தில் நோயைக் கடத்தியது பி அன்று.

இச்சோதனைக்குள் ஒரு நுட்பமான வாதம் அடங்கியிருக்கிறது. மகனின் ஒய் தாயிடமிருந்து வருவதன்று, தந்தையிடமிருந்து வருவது. அப்படியிருக்க மகனின் ஒய் தாயின் சிற்றினத்தை எப்படிச் சொல்லும்? தாய் தன் சிற்றினத்து ஆணோடு மட்டுமே கூடும் என்றால்தான் சொல்லும். தாயின் உடலில் உள்ள ஒட்டுண்ணிக்கும் மகனின் உடலில் உள்ள ஒய்க்கும் இடையே தொடர்பு தெரிகிறதென்றால், இருவகைக் கொசுக்களும் தமக்குள் கலக்காமல் தனித்தனியே இணைகின்றன என்பதே அதன் விளக்கம். கலந்திருந்தால் இத்தொடர்பு சிதைந்துபோயிருக்கும்.

வாதம் வலியது, வழி நீண்டது. ஒவ்வொரு பெண் கொசுவையும் உயிரோடு வைத்திருந்து, முட்டையிடவைத்து, புழுவை நான்காம் பருவம் வரை வளர்த்து, அதன் பின்னர் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பல தாய்கள் முட்டையிடாமலே இறக்கும். புழு வளர வாரத்துக்கு மேல் ஆகும். இறந்த கொசு, உலர்ந்த கொசு, ஊர்களில் வலையில் சிக்கிய பழைய கொசு எதற்கும் இது பயன்படாது. பாலிட்டீன் முறைக்கும் தடை உண்டு: சூலகம் பாதி வளர்ந்த பெண் கொசு மட்டுமே அதற்கு ஏற்றது. ஆண் கொசுவை, இளங்கொசுவை, முட்டை முற்றிய கொசுவை விட்டுவிட வேண்டும். ஓர் ஊரில் பிடித்த கொசுக்களில் சிறு பகுதிக்கே விடை கிடைக்கும். இந்தத் தடைகளைத் தாண்டக் கையாளப்பட்டதே டி.என்.ஏ. முறை.

டி.என்.ஏ. முறை நடக்கும் விதம்

கொசுவின் ஒரு கால் போதும். சிறு குப்பியில் சிலிக்கா ஜெல் துகள்களோடு உலர்த்தியோ ஆல்கஹாலில் இட்டோ வைத்த கொசுவின் காலை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கலாம். தலையும் மார்பும் ஒட்டுண்ணிச் சோதனைக்கு, வயிறு அது குடித்த இரத்தம் மனிதனுடையதா மாட்டினுடையதா என்றறிய, எஞ்சியது பிற்பாடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சான்றாகப் பெட்டிக்கு. ஒரே கொசுவிடம் மூன்று கேள்விகளுக்கு விடை பெறுவது இதனால் முடிகிறது: அது எந்தச் சிற்றினம், யாரைக் கடித்தது, நோய் ஏறியிருக்கிறதா.

டி.என்.ஏ. முழுவதையும் படிக்கத் தேவையில்லை. சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறியும், ஒரு சிற்றினத்துக்குள் மாறாமலும் இருக்கும் சிறு துண்டு கிடைத்தால் போதும். அத்துண்டைத் தேடுபவர்கள் முதலில் போவது ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்களிடம். காரணங்கள் இரண்டு. ஒரு செல்லில் அவை நூற்றுக்கணக்கான படிகளாக இருப்பதால் ஒரு காலில் கிடைக்கும் சொற்ப டி.என்.ஏ.விலும் எளிதில் சிக்குகின்றன. அப்படிகள் ஒன்றையொன்று சரிசெய்துகொண்டே போவதால் சிற்றினத்துக்குள் ஒரே எழுத்தோட்டமாக நிற்கின்றன. மரபணுக்களுக்கு இடையே ஐ.டி.எஸ்.2 என்ற இடைத்துண்டு உண்டு. அது புரதத்துக்கோ ரைபோசோமுக்கோ உறுப்பாக அமையாததால், மாற்றங்கள் ஏறிக்கொண்டே போகலாம். நெருங்கிய உறவினங்களிலும் வேறுபாடு தெரிவது இதனால்தான். 28எஸ் மரபணுவில் உள்ள டி3 என்ற பகுதியும் இவ்வேலைக்குப் பயன்படுகிறது.

இரண்டாவது இடம் மைட்டோகாண்டிரியா. கொசுவின் மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ. ஏறத்தாழ 15,000 எழுத்துகள் கொண்ட சிறு வளையம். அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது, வேகமாக மாறுகிறது. அதிலுள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நொதியின் முதல், இரண்டாம் துணையலகு மரபணுக்கள் பூச்சிகளை ஒப்பிடுவதில் மிகுதியும் கையாளப்படுபவை. முதல் துணையலகில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட துண்டை எல்லா விலங்குகளுக்கும் பொதுவான பார்கோடாகக் கொள்ளலாம் என்று 2003இல் கனடாவின் பால் ஹீபர்ட் முன்மொழிந்தார்.

தேர்ந்த துண்டைப் பெருக்குவது பி.சி.ஆர். கேரி மல்லிஸ் 1983இல் கண்டு, 1993இல் நோபல் பரிசு பெற்ற முறை இது. துண்டின் இரு முனைகளிலும் ஒட்டும் பிரைமர் என்ற குட்டை டி.என்.ஏ. இழைகளைச் சேர்த்து, 95 டிகிரியில் இழைகளைப் பிரித்து, வெப்பத்தைக் குறைத்து பிரைமரை ஒட்டவைத்து, 72 டிகிரியில் நொதியைக் கொண்டு நீட்டுவது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பதால் முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கு மேல் ஆகும். இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ. அகரோஸ் கூழில் வரியாகத் தெரியும் அளவுக்கு வந்துவிடும்.

சிற்றினத்தைப் பிரிக்க இதை இரு விதமாகப் பயன்படுத்துவர். முதல் விதத்தில் துண்டை எல்லாச் சிற்றினங்களுக்கும் பொதுவாகப் பெருக்கி, குறிப்பிட்ட எழுத்துத்தொடரைக் கண்டால் மட்டும் வெட்டும் நொதியை இடுவர். அத்தொடர் உள்ள சிற்றினத்தில் துண்டு இரண்டாகும். இல்லாததில் முழுதாக நிற்கும். இரண்டாம் விதத்தில் பிரைமரையே சோதனைக் கருவியாக்குவர். பிரைமரின் கடைசி எழுத்து, சிற்றினங்கள் வேறுபடும் எழுத்தின்மேல் சரியாக வந்து உட்காரும்படி வடிவமைப்பர். அவ்வெழுத்து பொருந்தினால் நீட்டம் நடக்கும், பொருந்தாவிட்டால் நடக்காது. ஒவ்வொரு சிற்றினத்துக்கும் வெவ்வேறு நீளத்தில் துண்டு வரும்படி பல பிரைமர்களை ஒரே குழாயில் இட்டால், கூழில் எந்த உயரத்தில் வரி விழுகிறது என்பதே விடை.

கியூலிசிஃபேசிஸ் தொகுதிக்கு இம்முறைகள் 2004 முதல் 2006 வரை ஒன்றன்பின் ஒன்றாக வெளியாயின. ஓ. பி. சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் டி3 பகுதியைக் கொண்டு தொகுதியை இரண்டாகப் பிரித்தனர்: ஏ, டி ஒரு பக்கம், பி, சி, இ மறுபக்கம். எக்ஸ் குரோமோசோம் முன்பே காட்டிய அதே பிரிவு. கோஸ்வாமி, சிங், நந்தா, ராகவேந்திரா, சுப்பாராவ் முதலியோர் 2005இல் வெட்டும் நொதி முறையையும், 2006இல் பிரைமர் முறையையும் தந்தனர். 2006இன் முறை இரண்டு படிகள் கொண்டது. முதற்படியில் ரைபோசோம் டி.என்.ஏ. கொசு எந்தப் பக்கத்தது என்று சொல்லும். இரண்டாம் படியில் மைட்டோகாண்டிரியாவின் இரண்டாம் துணையலகு மரபணு, ஏ, டி இரண்டையும் தமக்குள் பிரிக்கும். அல்லது பி, சி, இ மூன்றையும் தமக்குள் பிரிக்கும். மகனை வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்த கேள்விக்கு, இறந்த தாயின் ஒரு காலே விடை சொல்லும் நிலை வந்தது.

பாக் நீரிணைக்கு அப்பால்

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய் உண்டா என்று பார்த்துத் தங்கவைத்த முகாம் மண்டபத்தில்தான் இருந்தது. நோயைப் பற்றிய அச்சம் இக்கரைக்கும் அக்கரைக்கும் எப்போதும் பொதுவானது. இலங்கையில் 1934, 1935 ஆண்டுகளில் பரவிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் இறந்தனர். 1963இல் நோயாளிகள் 17 பேராகச் சுருங்கினர். பின்னர் நோய் மீண்டும் பெருகியது. அங்கும் முதன்மைக் கடத்தி கியூலிசிஃபேசிஸ்.

ராமேஸ்வரத்தின் புதிர் அங்கேயும் இருந்தது. 1990களில் இலங்கைக் கொசுக்களின் பாலிட்டீன் குரோமோசோமைப் பார்த்தவர்கள் பி மட்டுமே இருப்பதாகக் கண்டனர். 2000இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சுரேந்திரனும் ரஞ்சன் ராமசாமி முதலியோரும் ஒய் குரோமோசோம் இருவகையாக இருப்பதைக் காட்டி, அங்கும் பி, இ என்ற இரண்டும் உள்ளன என்று எழுதினர். தீவில் தொடங்கிய விடை நீரிணையைத் தாண்டிப் பொருந்தியது.

டி.என்.ஏ. அவ்வாறு பொருந்தவில்லை. சுரேந்திரன், ஹெமிங்வே, ராமசாமி முதலியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையின் பி, இ கொசுக்கள் பார்த்த பல மரபிடங்களில் ஒரே எழுத்தோட்டம் கொண்டிருந்தன. இந்தியக் கொசுக்களைக் கொண்டு அமைத்த அடையாளம் அங்கே பிரிவைக் காட்டவில்லை. இதற்குப் பல விளக்கங்கள் இயலும். இரு சிற்றினங்களும் அண்மையில் பிரிந்தவையானால், பழைய பொது எழுத்தோட்டம் இன்னும் இரண்டிலும் தங்கியிருக்கும். எப்போதேனும் கலப்பு நேர்ந்திருந்தால், தாய்வழி மட்டுமே செல்லும் மைட்டோகாண்டிரியா ஒரு சிற்றினத்திலிருந்து மற்றதற்குள் புகுந்துவிடும். உடல் ஒரு சிற்றினம், மைட்டோகாண்டிரியா இன்னொன்று என்று நிற்கும். எவ்வாறாயினும் முறைப்படி பின்பற்ற வேண்டியது ஒன்று உண்டு. டி.என்.ஏ. அடையாளம் என்பது, வேறு சான்றால் சிற்றினம் உறுதியான கொசுக்களோடு ஒப்பிட்டுப் பெற்ற குறி. எந்த வட்டாரத்துக் கொசுக்களோடு ஒப்பிட்டதோ அந்த வட்டாரத்துக்கே அதன் உறுதி முழுமையாக உண்டு. புதிய வட்டாரத்தில் கையாளும் முன், அங்குள்ள கொசுக்களின் குரோமோசோமோடு ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். கூழில் விழும் வரிக்குப் பொருள் தருவது, கொசு யாரோடு கூடுகிறது, யாரைக் கடிக்கிறது என்ற பழைய ஆய்வே.

உவர்நீர்க் கரையின் கொசுக்கள்

மண்டபம் கடற்கரையில் உப்பளம், கழிமுகம், கடல்நீர் புகுந்த குட்டை ஆகியவற்றில் வளரும் கொசுக்கள் வேறு. அவற்றுள் அனாபிலஸ் சப்பிக்டஸ் ஒரு தொகுதி. எஸ். ஜி. சுகுணா 1982இல் புதுச்சேரிப் பகுதிக் கொசுக்களைக் கொண்டு இதற்குள் உடன்பிறப்புச் சிற்றினங்கள் இருப்பதைக் குரோமோசோமும் உடலமைப்பும் வழியாகக் காட்டினார். பின்னர் ஏ முதல் டி வரை நான்கு என்று விரிந்தது. இத்தொகுதியில் முட்டையின் மிதவையில் உள்ள வரம்புகளின் எண்ணிக்கை, புழுவின் மயிர் அமைப்பு போன்ற சிறு குறிகள் உதவுகின்றன. பி உவர்நீரை விரும்புவது. மற்றவை பெரும்பாலும் உள்நாட்டு நன்னீரில் வளர்பவை.

இங்கே டி.என்.ஏ. வேறொரு திருத்தத்தைச் செய்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் உடல் குறிகளைக் கொண்டு சப்பிக்டஸ் பி என்று பிரித்த கொசுக்களின் ரைபோசோம், மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வைப் படித்தபோது, அவை அனாபிலஸ் சன்டாய்க்கஸ் தொகுதியைச் சேர்ந்தவை என்று 2010இல் தெரிந்தது. சன்டாய்க்கஸ் உவர்நீரின் கைதேர்ந்த கடத்தி. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மலேரியாவை முதன்மையாகக் கடத்துவது. கியூலிசிஃபேசிஸில் ஒரு பெயருக்குள் ஐந்து இருந்தன. இங்கே ஒரு பெயரின் கீழ் வைத்தது வேறொரு தொகுதியின் கொசு. உவர்நீரைத் தாங்கும் குணத்தைச் சிற்றினத்தின் குறியாகக் கொண்டால் உண்டாகும் பிழையும் இதில் வெளிப்பட்டது. ஒரே குணம் இரு தொகுதிகளில் தனித்தனியே வரலாம்.

மன்னாரில் புதிய வரவு

பார்கோடு பயன்பட்ட இன்னொரு நிகழ்ச்சி நீரிணையின் அக்கரையில் நடந்தது. அனாபிலஸ் ஸ்டீபன்சி தமிழ்நாட்டு நகரங்களின் மலேரியாக் கொசு. மேல்நிலைத் தொட்டி, கிணறு, சிமென்ட் தொட்டி எல்லாம் அதற்கு ஏற்றவை. ஊர்ப்புற மலேரியாவைக் கியூலிசிஃபேசிஸும் நகர மலேரியாவை ஸ்டீபன்சியும் பங்கிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லலாம். இலங்கையில் இல்லாதது என்று கருதப்பட்ட இக்கொசு 2016இன் இறுதியில் மன்னாரில் கிடைத்தது. அடுத்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்டது. ஒரு நாட்டுக்குப் புதிய கொசு வந்திருக்கிறது என்று சொல்ல உடல் குறி மட்டும் போதாது. டி.என்.ஏ. எழுத்தோட்டமும் ஸ்டீபன்சியையே காட்டியதால் ஐயம் நீங்கியது. ஆப்பிரிக்காவில் ஜிபூட்டியில் 2012இல் இதே கொசு தோன்றி நகர மலேரியாவைப் பெருக்கியிருந்ததால், மன்னாரின் செய்தி உடனே கவனத்துக்கு உள்ளானது.

இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி மலேரியா 2012இல் பதிவாயிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் அந்நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஒட்டுண்ணி போனாலும் கொசு போகவில்லை. கியூலிசிஃபேசிஸ் இ, சன்டாய்க்கஸ் தொகுதி, புதிதாக ஸ்டீபன்சி மூன்றும் அங்கே உள்ளன. வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்தால் அதைப் பரப்ப வல்லது எது, அவ்வூரில் இருப்பது அதுவா என்ற கேள்விக்குச் சிற்றினப் பிரிப்பே விடை.

கட்டுப்பாட்டில் இதன் பயன்

மலேரியாத் தடுப்பில் சிற்றின அடையாளம் மூன்று முடிவுகளை மாற்றக்கூடியது. முதலாவது, எங்கே மருந்தடிப்பது என்பது. பி மட்டும் உள்ள ஊரில் வீட்டுச் சுவர்களுக்கு மருந்தடிப்பதால் நோய் குறையும் என்று எதிர்பார்க்க இயலாது. அங்கே நோய் இருந்தால் வேறு கடத்தியைத் தேட வேண்டும். இ உள்ள ஊரில் மனிதரை நாடும் அதன் குணத்தால் வீடும் உறங்கும் இடமும் முதன்மை பெறும். இரவில் திறந்த வெளியில் உறங்குபவர்களுக்குச் சுவரில் அடித்த மருந்து காவல் ஆகாது, வலை வேண்டும்.

இரண்டாவது, எந்த மருந்து என்பது. எதிர்ப்புத்திறனைச் சோதிக்கும்போது பிழைத்த கொசுக்களையும் இறந்த கொசுக்களையும் தனித்தனியே சிற்றினம் பிரித்தால்தான், மருந்தைத் தாங்குவது கடத்தியா, கடத்தாததா என்று தெரியும். சோதனையில் இறந்த கொசுவுக்குக் குரோமோசோம் முறை பெரும்பாலும் உதவாது. டி.என்.ஏ. முறைக்கு இறந்ததும் பிழைத்ததும் ஒன்றே.

மூன்றாவது, எங்கே நீரைப் பார்ப்பது என்பது. புழுக்களுக்கு வளர்ந்த கொசுவின் உடல் குறிகள் இல்லை; சிறு புழுவைச் சிற்றினம் காண்பது கடினம். டி.என்.ஏ. முட்டையிலும் புழுவிலும் கூட்டுப்புழுவிலும் கொசுவிலும் ஒன்றே. ஒரு மணற்குழியில் அள்ளிய புழுக்களில் எத்தனை இ, எத்தனை பி என்று எண்ண முடிவதால், எந்தக் குழியை மூடுவது, எதில் மீன் விடுவது, எதை விட்டுவிடுவது என்று ஊரளவில் முடிவெடுக்கலாம்.

ஒரு கொசுப் பிடிப்பின் முழு ஒழுங்கும் இப்போது நான்கு அடுக்காக அமைகிறது. களத்தில் உடல் குறிகளைக் கொண்டு கியூலிசிஃபேசிஸைப் பிற அனாபிலஸ்களிலிருந்து பிரிப்பது முதல் அடுக்கு. ஒரு காலை எடுத்து ரைபோசோம் டி.என்.ஏ.வால் இரு பக்கங்களில் ஒன்றில் சேர்ப்பது இரண்டாவது. மைட்டோகாண்டிரிய டி.என்.ஏ.வால் சிற்றினத்தைக் காண்பது மூன்றாவது. அவ்வட்டாரத்தில் சில தாய்களையாவது முட்டையிடவைத்து மகன்களின் ஒய்யைப் பார்த்து, கூழில் கிடைத்த விடையைச் சரிபார்ப்பது நான்காவது. நான்காவதை விட்டால் மூன்றாவதன் விடை எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்ல வழியில்லை. பி என்று எழுதிய கொசு இ ஆக இருந்தால், கடத்தி இல்லை என்று பதிவான ஊரில் மலேரியா வரும்.